பார்க்கக் கிடைக்கும் நிரலெல்லாம் ஓப்பன் சோர்ஸ் ஆகுமா?

பெருந்துறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்னும் நிரல் பகிரும் இணையதளத்தில் வைத்துவிட்டாலே அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடுமா? தமிழ் வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் உண்டா?"

ஆகாது, அம்மணி. உரிமம் எதையும் சேர்க்காமல் வைக்கப்பட்ட நிரலின் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது. நாம் படித்துப் பார்க்கலாமே தவிர, அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்க முடியாது. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் பம்பின் வரைபடத்தைச் சுவரில் மாட்டிக் காட்டுவது வேறு. பம்போடு வரைபடத்தையும் கையில் கொடுத்து, "உங்கள் கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ப உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றி வார்த்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் விற்கவும் செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவதுதான் ஓப்பன் சோர்ஸ். 1998-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, டெபியன் என்னும் கணினி இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் வகுத்திருந்த நெறிகளை அடியொற்றி, இதைப் பத்து விதிகளாக வரையறுத்தது. அவற்றுள் ஐந்தாவது விதி, உரிமம் எந்த மனிதரையும் எந்தக் குழுவையும் விலக்கக் கூடாது என்கிறது. ஆறாவது விதி, எந்தத் தொழிலையும் விலக்கக் கூடாது என்கிறது. "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற நிபந்தனை நல்லெண்ணத்தோடு போடப்பட்டாலும், திருப்பூரில் நான்கு தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரையும் அது வெளியே நிறுத்திவிடும் என்பதால், இந்த விதி சரியென்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்தாவது விதி உரிமத்தைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, மனிதர்களை அல்ல. தடுமாறும் ஆங்கிலத்தில் நிரலுக்குத் தன் முதல் திருத்தத்தை அனுப்பியவருக்கு யாரும் பதில் எழுதாமல் விட்டால், அதை எந்த உரிமமும் தடுக்காது. ஆகவே புதியவர்களுக்கென்று சிறிய பிழைகளை ஒதுக்கி, எந்தக் கோப்பில் தொடங்கலாம் என்று எழுதி வைப்பதும், நடத்தை நெறிகளை வெளியிட்டு, மீறுவோரைக் கண்டிக்க ஒருவரைப் பொறுப்பாக்குவதும் நிரலைப் பராமரிப்பவர்களின் கடமை.

உங்களுக்கான இடத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை 2006-இல் தொடங்கிய மைக்கேல் கரன், பார்வையற்ற ஆஸ்திரேலியர். அந்தத் தேவையோடு வாழ்ந்தவரே அதை எழுதத் தொடங்கினார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனுடன் வரும், எழுத்தை ஒலியாக்கும் இஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கிறது. என்விடிஏவை நிறுவி, உங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்கச் செய்து, தவறாக ஒலிக்கும் சொற்களைக் குறித்து இஸ்பீக் குழுவுக்கு எழுதுங்கள். தமிழ் வழியில் படித்த காது அந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும்.