மிரளும் குதிரையோடு பழகுதல்

நேயர்களுக்கு வணக்கம். குதிரை மிரளும்போது அதைத் திமிர் என்று எண்ணிச் சவுக்கை எடுப்பவர்கள் இன்றும் உண்டு. என் தொடக்க நாட்களில் நானும் அப்படி எண்ணியவன்தான். அடி வாங்கிய குதிரையோ, தான் கண்டு அஞ்சிய பொருளே வலியையும் தந்ததாக மனத்தில் பதித்துக்கொண்டு, மறுமுறை இன்னும் அதிகமாக மிரளும்.

குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறம் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பதுதான் தெரியாது. ஆகவே, பேச்சுக் கொடுத்தபடியே தோள்பக்கமாக நெருங்குவது நல்லது.

ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில், காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். காற்றில் தார்ப்பாய் படபடத்தால் போதும், லாயமே அதிரும். தார்ப்பாயை மடித்து முப்பது அடி தள்ளிப் போட்டுவிட்டு, தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து அதை நோக்கி நடத்தினேன். காதுகள் விறைத்து, மூச்சு நின்று, கழுத்துத் தசை இறுகிய அந்தக் கணத்திலேயே நின்று, அது திமிறுவதற்கு முன்பாக நானே இரண்டடி பின்வாங்கினேன். தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, நீளமாக மூச்சு விட்ட பிறகு, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்துகொடுத்தேன். குதிரைகள் ஒன்றுக்கொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு தணிகிறது என்பதை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அவ்வளவுதான். வீண் வேலை என்று லாயத்துப் பையன் முணுமுணுத்தான்.

ஒன்பதாம் நாள் அது தார்ப்பாயை முகர்ந்தது. அந்த மகிழ்ச்சியில், வந்திருந்த விருந்தினருக்குக் காட்டும் ஆசையில், குதிரையைக் கட்டிப்போட்டு முதுகில் தார்ப்பாயை விரித்தேன். தலைக்கயிறு அறுந்தது. மறுநாள் மீண்டும் முப்பது அடியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் புதிதாகவே பழக்க வேண்டியிருந்தது.

இப்போது தண்ணீர்த் தொட்டியருகே விரித்த தார்ப்பாயை மிதித்துக்கொண்டுதான் அது நீர் அருந்தப் போகிறது. நீலத்துக்குப் பதில் மஞ்சள் தார்ப்பாய் கிடந்தால் மட்டும் நின்று பார்க்கும். நானும் உடன் நிற்பேன்.