நின்னு போன ஏடிவி: கார்ப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி

[திரை: தூசி படிஞ்ச ஏடிவி. சாவி ஆன்ல. கட்டைவிரல் செல்ஃப் பட்டன் மேல.]

நாலஞ்சு மாசம் ஓடாம நின்ன ஏடிவி (கரடுமுரடான தரையில ஓடுற நாலு சக்கர வண்டி) ஸ்டார்ட் ஆகலைன்னா, பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லைன்னா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் பிசினாப் படிஞ்சிருக்கும். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சிடிஐ, காயில் இதெல்லாம் சும்மா நிக்கிறதால கெட்டுப்போறது அபூர்வம். அதை வாங்க உடனே கடைக்கு ஓடாதீங்க. இங்க பேசுறது கார்புரேட்டர் வச்ச ஒத்த சிலிண்டர் வண்டியைப் பத்தி.

பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. பலபேர் தாண்டிப் போற இடம் இதுதான். பெட்ரோல் டேப்பை மூடாம விட்டிருந்து, கார்புல பெட்ரோல் வரத்தை நிறுத்துற ஃப்ளோட் நீடிலும் பிசின் பிடிச்சு ஒழுங்கா மூடாம இருந்தா, பெட்ரோல் மெதுவா சிலிண்டருக்குள்ள இறங்கும். அங்கிருந்து பிஸ்டன் ரிங் வழியா ஆயிலோட போய்ச் சேரும். ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் வந்தா, அந்த ஆயிலோட எஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது. இன்னொரு ஆபத்தும் இருக்கு: சிலிண்டர் நிறைய பெட்ரோல் நிக்கிறப்போ செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடே வளையலாம். நீடிலைச் சரிபண்ணி, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி உள்ள நிக்கிறதை வெளியேத்தி, ஆயிலை மாத்திட்டுத்தான் அடுத்த வேலை.

ஆயில் சரியா இருந்தா பட்டனை அமுக்கி, சத்தத்தைக் கேளுங்க.

[திரை: ஹேண்டில்பார், கில் சுவிட்ச் நெருக்கத்தில்.]

சத்தமே வரலையா? எஞ்சினை நிறுத்துற கில் சுவிட்ச் ரன் பக்கம் இருக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். நிறைய மாடல்ல பிரேக் லீவரைப் பிடிச்சாத்தான் செல்ஃபுக்குக் கரன்ட் போகும். பேட்டரி பக்கத்துல இருக்கிற மெயின் ஃபியூஸையும் பாருங்க.

'டிக்டிக்டிக்'னு வேகமா அடிச்சா பேட்டரியில தெம்பு இல்லைன்னு அர்த்தம். மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டினா முழு சார்ஜ். 12.0-க்குக் கீழ போனா காலி. ஆனா அந்த எண்ணை மட்டும் நம்பிடாதீங்க. ரொம்ப நாள் காலியாவே கிடந்த பேட்டரி சார்ஜ் போட்டதும் 12.6 காட்டும், பட்டனை அமுக்கினதும் படுத்துடும். மீட்டரை வச்சபடியே செல்ஃப் அடிங்க. 9.6-க்குக் கீழ விழுந்தா புது பேட்டரிதான். சார்ஜ் போடுறப்போ ஆம்பியர் ஹவர்ல பத்துல ஒரு பங்கு போதும்: 9 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். கார் பேட்டரியிலிருந்து வயர் கொடுக்கிறதா இருந்தா கார் எஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும்.

பேட்டரி நல்லா இருந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டா, எர்த் வயர் லூஸா, துரு பிடிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் விடுற செல்ஃப் ரிலே. கையால இழுத்தோ கிக் அடிச்சோ எஞ்சின் சுத்துதான்னும் பார்த்துக்கங்க. இறுகியிருந்தா பிளக் ஓட்டை வழியா 5 முதல் 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. செல்ஃபை வச்சு முட்டிப் பார்க்காதீங்க.

[திரை: கையில் ஈர பிளக் ஒண்ணு, காய்ஞ்ச பிளக் ஒண்ணு.]

எஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. சோக் போட்டு, ஒரு தடவைக்கு 5 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, நடுவுல அரை நிமிஷம் செல்ஃப் மோட்டார் ஆறட்டும். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் பிளக்கைக் கழட்டிப் பாருங்க.

பிளக் ஈரமா இருந்தா பெட்ரோல் வருது. பிளக்கைத் துடைச்சு பிளக் வயரோட மூடியில (கேப்) மாட்டி, அதோட உலோகப் பகுதி எஞ்சின்ல தொடுற மாதிரி வச்சு செல்ஃப் அடிங்க. பிளக் ஓட்டையைத் துணியால மூடி, பிளக்கை அதுக்குத் தள்ளியே வைங்க. பெட்ரோல் ஆவி பத்திக்கும். பளிச்சுன்னு நீலப் பொறி வரணும். மங்கலா வந்தா புது பிளக் போடுங்க. பொறியே வரலைன்னா எலி கடிச்ச வயரைத் தேடுங்க. பொறி நல்லா இருந்தா பெட்ரோல் கூடிப்போச்சு: பிளக்கை மாட்டிட்டு, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுசா கொடுத்து அடிங்க.

அதுக்கும் பிடிக்கலைன்னா டேங்க் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைங்க. பெயின்ட் வாடை அடிச்சா பழசு. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. அது ஈரத்தை இழுக்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில தனியாப் பிரிஞ்சிடும். பாட்டில்ல ரெண்டு அடுக்கு தெரிஞ்சா முழுசையும் வடிச்சிடுங்க. டேங்க் அடியில இருந்துதான் கார்புக்குப் போகுது, அதனால முதல்ல போறதே அந்தத் தண்ணிதான்.

பிளக் காய்ஞ்சு கிடந்தா, கார்ப் அடியில இருக்கிற டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்துங்க. பெட்ரோல் வரலைன்னா டேப், குழாய், ஃபில்டர்ல அடைப்பு. நல்லா வந்தா பைலட் ஜெட்தான் குற்றவாளி, அதாவது கார்புக்குள்ள எஞ்சின் மெதுவா ஓடுறப்போ பெட்ரோல் விடுற சின்ன பித்தளைத் துண்டு.

[திரை: வெளிச்சத்துக்கு நேரே பிடிச்ச பித்தளை ஜெட்.]

அதோட ஓட்டை சுமார் 0.4 மில்லிமீட்டர்தான். பெட்ரோல் ஆவியாகிப் போனதும் மிஞ்சுற பிசின் முதல்ல இதைத்தான் அடைக்கும். அரைகுறையா அடைஞ்சிருந்தா சோக் போட்டா மட்டும் ஓடும், எடுத்ததும் நின்னுடும். ஜெட்டைக் கழட்டி, கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஊற வச்சு, மெல்லிய செம்புக் கம்பி இழையை விட்டு எடுங்க. குண்டூசி வேண்டாம், பித்தளை ஓட்டை பெருசாகிடும். கார்ப் உடம்புல இருக்கிற வழியையும் ஏர் அடிச்சு எடுக்கணும். வெறும் ஜெட்டைத் துடைச்சா பாதி வேலைதான். ஸ்ப்ரே படுறதுக்கு முன்னாடி ரப்பர் சாமான்களை எடுத்துடுங்க. காத்து-பெட்ரோல் கலவையைச் சரிபண்ணுற மிக்சர் ஸ்குரூவைக் கழட்டுறதா இருந்தா, முதல்ல உள்பக்கமா முட்டுற வரைக்கும் மெதுவா சுத்தி எத்தனை சுற்றுன்னு எழுதி வச்சுக்கங்க.

ஏர் ஃபில்டர் பெட்டியில எலி கூடு, சைலன்சர் வாயில குளவி மண் இருக்கான்னும் ஒரு பார்வை.

ஸ்டார்ட் ஆகி ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னா டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்'னு காத்து இழுத்தா மூடியோட காத்து ஓட்டை அடைஞ்சிருக்கு. ஓட ஆரம்பிச்சதும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏத்தி, பேட்டரியில மீட்டரை வைங்க. 13.8 முதல் 14.5 வோல்ட் வரணும். வரலைன்னா கரன்ட் உண்டாக்குற ஸ்டேட்டர், அதைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் ரெண்டையும் பார்க்கணும், இல்லைன்னா பேட்டரி மறுபடி இறங்கிடும்.