அட்டையில் இல்லாத குழந்தைகள்

அவையோருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் சுமார் 600 யூதக் குழந்தைகள் தப்பியதைப் பற்றிப் பேச்சு வந்தால், கூடையிலும் கோணிப்பையிலும் ஒளித்துத் தூக்கிப் போனதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். தூக்குவதற்கு முன் பதிவேட்டிலிருந்து பிள்ளை மறைந்தாக வேண்டும்.

பிளான்டாஜ மிடன்லான் தெருவில் ஒரு நாடக அரங்கு. 1942 கோடையிலிருந்து யூதக் குடும்பங்களைப் பிடித்து அங்கே அடைத்தார்கள். அங்கிருந்து வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாம். பிறகு ஆஷ்விட்ஸ் அல்லது சோபிபோர் கொலை முகாம். உள்ளே நெரிசல் தாங்காமல் சிறு பிள்ளைகளை மட்டும் எதிர்ச் சாரியிலிருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அதை நடத்தியவர் ஹென்ரியெட் பிமென்டல்.

அரங்கின் பதிவு வேலை, ஜெர்மானியர் தங்கள் உத்தரவுகளை நிறைவேற்ற யூதர்களைக் கொண்டே அமைத்த யூதப் பேரவையின் கையில் இருந்தது. பொறுப்பாளர் வால்டர் ஸுஸ்கின்ட், உடன் ஃபெலிக்ஸ் ஹால்வர்ஸ்டாட். பிள்ளையின் பதிவு அட்டையை இவர்கள் எடுத்துவிட்டால், ரயிலுக்கு ஆள் எண்ணும்போது தலை குறையாது. எடுக்காமல் பிள்ளையை மட்டும் கடத்தினால் மறுநாளே அகப்பட்டிருப்பார்கள்.

பெற்றோரின் சம்மதமும் வேண்டும். உழைப்பு முகாம்தானே, குடும்பமாகவே போகிறோம் என்று மறுத்தவர்கள் உண்டு; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்மதித்த தாய், கைக்குழந்தைக்குப் பதிலாகப் போர்வையில் சுற்றிய பொம்மையோடு வண்டியேறியதும் உண்டு.

இனி வாசல். அரங்கின் காவலருக்குக் காப்பக வாசல் நேரே தெரியும். டிராம் வந்து நடுவில் நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் வாய்ப்பு. பிள்ளையோடு வெளியே வந்து, டிராமின் மறைவிலேயே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வார்கள். இன்னொரு வழி கொல்லைப்புறம்: வேலிக்கு மேலாகப் பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குக் கைமாற்றுவது. அதன் தலைவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட் அங்கே ஒரு வகுப்பறையை ஒதுக்கித் தந்தார்.

அதன்பின் ஜெர்மானியரை ரகசியமாக எதிர்த்து இயங்கிய மாணவர் குழுக்களின் பொறுப்பு. பெரும்பாலும் இளம்பெண்களே கூட்டிப் போவார்கள். ஆண் கையில் குழந்தை இருந்தால் ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பொன்முடிப் பிள்ளைகள் வடக்கே ஃபிரீஸ்லாந்துக்கு, கருமுடிப் பிள்ளைகள் தெற்கே லிம்பர்குக்கு. அடைக்கலம் தந்த வீட்டுக்கு ரேஷன் கூப்பனும் சேர வேண்டும். திருட்டோ போலியோ, அது இல்லாமல் பால்கூட வாங்க முடியாது. கைக்குழந்தையை வீட்டு வாசலில் விட்டுவிடும் உத்தியும் இருந்தது. அநாதையாகக் கிடக்கும் குழந்தையை யூதக் குழந்தையாகவே கொள்வோம் என்று ஜெர்மானியர் அறிவித்ததும் அது அடைபட்டது.

1943 ஜூலையில் பிமென்டல் கைதானார். செப்டம்பரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 29இல் காப்பகத்தைக் காலி செய்தார்கள். ஸுஸ்கின்டும் நாடு கடத்தப்பட்டு 1945இல் இறந்தார். வான் ஹுல்ஸ்ட் 107 வயதுவரை வாழ்ந்தார்.

போர் முடிந்ததும் வேறொரு சிக்கல். பெற்றோர் திரும்பாத பிள்ளைகள் யாரிடம் வளர்வது? அரசு தனி ஆணையம் அமைத்தது. வளர்த்தவர்களும் உறவினர்களும் பிள்ளைக்காக மோதிய சில வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன.