பதட்டமா? மூச்சை இழுக்காதீங்க, விடுங்க

(திரையில்: நெஞ்சு மேல ஒரு கை, வயிறு மேல ஒரு கை)

பதட்டப்படுறவங்ககிட்ட எல்லாரும் சொல்றது: "நல்லா மூச்சை இழுத்து விடு." இதுல பாதிதான் சரி.

நாள்பட்ட பதட்டம் உள்ள பலர் ஏற்கனவே தேவைக்கு மேல மூச்சு வாங்கிட்டு இருப்பாங்க. அடிக்கடி பெருமூச்சு, கொட்டாவி. அப்படி வாங்கும்போது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைஞ்சா மூளையோட ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் மதமதன்னு ஆகும், மூச்சே பத்தலைன்னு தோணும். அந்த நேரத்துல விரல்ல ஆக்சிமீட்டரை மாட்டினா ரத்தத்துல ஆக்சிஜன் 98, 99 சதவீதம்னு காட்டும், குறையே இருக்காது! ஆனாலும் பயத்துல இன்னும் இழுப்போம், இன்னும் கிறுகிறுக்கும்.

(திரையில்: மணிக்கட்டுல நாடி)

நாடியைத் தொட்டுப் பாருங்க. மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசா வேகமாகும், விடும்போது மெதுவாகும். மூளைத்தண்டுல இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்புதான் இங்க பிரேக். இழுக்கும்போது தளரும், விடும்போது பிடிக்கும். அதனாலதான் விடுற நேரத்தை நீட்டுறோம்.

மூக்கு வழியா 4 விநாடி, சத்தமே வராம இழுங்க. 6 விநாடி விடுங்க. நிமிஷத்துக்கு 6 மூச்சு, மொத்தம் 5 நிமிஷம். வயித்து மேல இருக்கிற கைதான் அசையணும்.

தலை சுத்துதா? எண்ணிக்கை சரியா இருந்தாலும் காத்து அதிகமா இழுக்கறீங்க. இழுக்கிற அளவைக் குறைங்க. விட்டு முடிச்சதும் லபக்குனு இழுக்கத் தோணுதா? 6 உங்களுக்கு நீளம். 3 விநாடி இழுத்து, 4 விநாடி விட்டு ஆரம்பிங்க. மூச்சைக் கவனிச்சாலே பதட்டம் கூடுற ஆட்களும் உண்டு. அவங்க எண்ணவே வேண்டாம், வாயை மூடி "ம்ம்ம்"னு முனகிக்கிட்டே மூச்சை விட்டா போதும். மூச்சு தானா நீளும்.

காகிதப் பைக்குள்ள மூச்சு விடுற பழைய வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். வந்திருக்கிறது ஆஸ்துமாவோ மாரடைப்போவா இருந்தா அது ஆபத்து.

பதட்டம் உச்சத்துல இருக்கும்போது முதல் தடவையா முயற்சி பண்ணினா பெரும்பாலும் பலிக்காது. சும்மா இருக்கிற நேரத்துல தினமும் பழகணும். 2023ல வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வுலயும் தினம் 5 நிமிஷம், ஒரு மாசம்னுதான் பழக வச்சாங்க. மூச்சு விடுறதை நீட்டினவங்களுக்கு மனநிலை தியானம் பண்ணினவங்களை விட நல்லா முன்னேறுச்சு. பதட்டம் ரெண்டு பக்கமும் குறைஞ்சது.

கட்டுப்படுத்த முடியாத கவலை 6 மாசமா பெரும்பாலான நாள் இருந்து, தூக்கமும் வேலையும் கெடுதுன்னா டாக்டரைப் பாருங்க. தைராய்டும் ஒருமுறை பார்த்துக்கணும். அது அதிகமா சுரந்தாலும் படபடப்பு இப்படியேதான் இருக்கும். இந்தியாவுல அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.