ஒரு சுவருக்கு இரண்டு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாத வெயிலில் யாராவது காஞ்சிபுரத்துக்கு வகுப்பெடுக்கப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடுமுறை அப்போதுதானே வருகிறது! கலை வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் 14 பேருக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் கோடைப் பள்ளி. அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் ஏழு கோயில்கள் இருந்தன. ஆறை அடித்துவிட்டுக் கைலாசநாதர் கோயிலை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏழு கோயில் பார்க்க வேண்டுமென்றால் யாத்திரை போகலாம்; ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சுவரே அதிகம்.

ராஜசிம்மன் என்னும் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில் இது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் உளிக்கு இளகிக்கொடுக்கும். மழைக்கும் அப்படியே இளகிக்கொடுக்கும். அரித்துப்போன சிற்பங்களின்மேல் பிற்காலத்தவர்கள் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, பூசி முகம், கை, நகை எல்லாம் புதிதாக இழைத்துவிட்டார்கள். மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 'பல்லவர் காலப் புன்னகை' என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்த உதடு பல்லவருக்குப் பல நூற்றாண்டு பிந்திய கொத்தனார் வைத்ததாக இருக்கும். பிறரைச் சொல்வானேன்? மாணவனாக இருந்தபோது நானும் இந்தக் கோயில் சிற்பம் ஒன்றின் விரல் நளினத்தை மூன்று பக்கம் வியந்திருக்கிறேன், ஒளிப்படத்தைப் பார்த்து. நேரில் போனால் அது சுதை விரல். மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின.

அதனால் சனிக்கிழமை முதல் ஒரு மணி நேரம் கைப்பேசி கூடாது என்றேன். நோட்டு, பென்சில், கைவிளக்கு போதும். திருச்சுற்றைச் சூழ்ந்திருக்கும் 58 சிற்றாலயங்களில் ஆளுக்கு ஒன்று. விளக்கைச் சிற்பத்தின் முகத்துக்கு நேரே அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது கல்லின் சொரசொரப்பு முடிந்து சுதையின் வழவழப்பு தொடங்கும் இடம் மெல்லிய நிழலாக எழுந்து நிற்கும். சிவனும் அம்மனும் குழந்தை முருகனும் சேர்ந்திருக்கும் சோமாஸ்கந்தர் சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்த ஒரு பெண், "ஐயா, அம்மன் முழங்கால்வரை கல் என்று தெரிகிறது. அதற்குக் கீழே சொல்ல முடியவில்லை" என்றாள். "சொல்ல முடியவில்லை என்றே எழுதம்மா" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

சிற்றாலயங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓவியத் துண்டுகளையும் பார்த்தோம். 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டறிந்து சொன்னவை அவை. ஒரு கண், ஒரு தோள், கொஞ்சம் சிவப்பு. பத்து மணிக்கே நடைபாதைக் கல் சுட ஆரம்பித்துவிட்டதால் அங்கே அதிகம் நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம். கருவறைப் பகுதிக்கும் முன்மண்டபத்துக்கும் நடுவே உள்ள இணைப்பு பிற்காலத்தது. தொடக்கத்தில் மண்டபம் தனியாகத்தான் நின்றது. இதை நான் சொல்லவே இல்லை. நாடா பிடித்து அளந்துகொண்டிருந்த இருவர், "கல் வரிசை இங்கே பொருந்தவில்லையே" என்று அவர்களாகவே வந்து நின்றார்கள். எனக்கு அன்றைய கூலி அதுவே.

அந்த மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று, இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அது. பகைவன் ஊரில், பகைவன் குலத்தான் கட்டிய கோயிலில், தன் மொழியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். "எவ்வளவு பெருந்தன்மை!" என்றார் ஒரு மாணவர். "வென்றவன் தன்னைப் பற்றித் தானே வெட்டிக்கொண்டதை எப்படி நம்புவது?" என்றார் இன்னொருவர். கோயில் நடை சாத்திய பிறகும், சாப்பாட்டுக் கடையிலும் சண்டை ஓயவில்லை. மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி அவர்கள் முன்னால் ஆறிப்போனது. என் பங்கை நான் ஆறவிடவில்லை.

மாலையில் நோட்டுகளைத் திருத்த வாங்கினேன். அந்தப் பெண் அம்மனை வரைந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே 'சுதை' என்று எழுதி அடித்திருந்தாள். 'கல்' என்று எழுதி அதையும் அடித்திருந்தாள். பிறகு அந்த இடத்தை ரப்பரால் அழித்து, வெள்ளையாகவே விட்டிருந்தாள்.

வணக்கம்.