மட்டக்குதிரைக்கு நான் தைத்த மெத்தை

நேயர்களுக்கு வணக்கம். நான் கிளிநொச்சியில் ஓட்டோவுக்கும் வானுக்கும் இருக்கை தைக்கிறவன். குதிரை ஏறத் தெரியாது. அப்படிப்பட்டவனை, மட்டக்குதிரையின் சேணத்துக்கு அடியில் போடும் மெத்தையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். காரணம், அதில் ஒருமுறை நன்றாகப் பிழை விட்டவன் நான்.

பரந்தன் பக்கத்துத் தம்பி ஒருவர், பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டவென்று நுவரெலியாவில் ஒரு மட்டக்குதிரை வாங்கி லொறியில் கொண்டுவந்தார். மூன்று கிழமைக்குள் அதன் தோளருகே மயிர் உதிர்ந்துவிட்டது. "அண்ணை, நல்ல மொத்தமாக ஒரு மெத்தை தைத்துத் தாருங்கள்" என்று வந்து நின்றார். தைத்தேன். இரண்டு அங்குல ஸ்பொஞ், மேலே ரெக்சின். ஓட்டோ இருக்கையென்றால் பத்து வருடம் உழைக்கும். குதிரைக்கோ ஒரே கிழமையில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

அப்போதுதான் ஐயாவின் நினைவு வந்தது. அவர் வண்டி வைத்திருந்தவர். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூடாரம் கட்டிய அந்த வண்டியில்தான் போவோம். ஒருமுறை இடப்பக்கம் பூட்டும் இடத்தன் மாட்டின் கழுத்தில் நுகம் பட்டுப் புண் வந்தது. நான் சாக்கை மடித்து நுகத்தில் சுற்றினேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு, உளியை எடுத்து நுகத்தில் கழுத்துப் படும் இடத்தைச் செதுக்கினார். புண் ஆறும்வரை வண்டி பூட்டவில்லை.

மெத்தையைக் கூட்டுவதை விட்டுவிட்டு, சேணம் முதுகுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்போம் என்று தம்பியிடம் சொன்னேன். மிருக வைத்தியரிடம் காட்டிப் புண்ணை ஆற்றிய பிறகு, மெத்தை இல்லாமல் சேணத்தை வெறும் முதுகில் வைத்து, அடியில் கையை விட்டுப் பார்த்தோம். தோளருகே என் விரல் நுழையவில்லை. சேணம் ஒடுங்கிய முதுகுக்குச் செய்தது. குதிரையின் முதுகோ பலாப்பழம் மாதிரி உருண்டை. மட்டக்குதிரைகளில் பல அப்படித்தான். இறுக்கமான சப்பாத்துக்குள் இன்னொரு காலுறையைத் திணித்த வேலையைத்தான் நான் செய்திருந்தேன். அகலமான சேணம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்குச் சேணமே இல்லை.

இனி மெத்தை. ஸ்பொஞ்சைக் கையால் அமுக்கினால் மெத்தென்றிருக்கும். மலிவான ஸ்பொஞ் ஆள் ஏறியதும் அடியோடு அமுங்கிப் பலகையாகிவிடும். ரெக்சின் காற்று விடாது. சுமார் 1,900 மீற்றர் உயரத்து நுவரெலியாக் குளிரில் ஒருவேளை தாங்கலாம். சோளகக் காற்று அடிக்கும் ஆவணியில், எங்கள் செம்மண் வெயிலில், அதன் அடியில் முதுகு அவியும். தும்பு குத்தும். இலவம் பஞ்சு நாளாகக் கட்டிகட்டியாகத் திரளும். கம்பளிதான் என் தெரிவு. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை உறிஞ்சினாலும் அது நனைந்ததாகத் தெரியாது. பழைய குதிரைப் படைகள் மடித்த கம்பளிப் போர்வையைத்தான் சேணத்துக்கு அடியில் போட்டன. நாங்களும் பழைய கம்பளிப் போர்வை ஒன்றை இரண்டு மடிப்பாக வெட்டி, முதுகைத் தொடும் பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்தோம். ஒரு விரல் தடிப்புக்கு மேல் இல்லை. கம்பளி கிடைக்காவிட்டால் பருத்தி மெத்தை போதும். நனைந்தால் மாற்ற இன்னொன்று வேண்டும்.

நடுவே முதுகெலும்பு ஓடும் இடத்தில் மெத்தை எலும்பை அழுத்தக்கூடாது. சேணத்தை இறுக்குவதற்கு முன், முன்பக்கத் துணியை மேலே இழுத்து, சேணத்தின் குழிவுக்குள் கூடாரம்போல நிறுத்த வேண்டும். மெத்தையைச் சற்று முன்னுக்கு வைத்துப் பின்னுக்கு வழுக்கிவிட்டால் மயிர் படிந்து கிடக்கும். மட்டக்குதிரைக்கு முதுகு குட்டை. பெரிய குதிரையின் மெத்தை இடுப்பில் போய் உரசும். ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தம்பியின் மெத்தையை நான் தடவியபோது ஏழெட்டு நாயுருவி விதை கையில் குத்தியது. கழுவினால் சவர்க்காரம் முழுக்கப் போகும்வரை அலசுங்கள். ஒரு குதிரையின் மெத்தையை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், படர்தாமரை தொற்றும்.

மெத்தை சரியா என்று பார்க்கச் சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றும் நேரம்தான் நல்ல நேரம். வியர்வை ஒரே சீராகப் படிந்திருந்தால் நல்லது. ஈரத்துக்கு நடுவே ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால், அங்கே அழுத்தம் மிஞ்சி வியர்வை வரவில்லை என்று எண்ண வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிறகு அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கக்கூடும்.

புதிய மெத்தையோடு முதல் சவாரி முடிந்ததும் நானும் பார்க்கப் போயிருந்தேன். முதுகு முழுக்கக் கறுத்து நனைந்திருந்தது. வலப்பக்கம் மட்டும் இரண்டு ரூபாய்க் குற்றியளவில் ஒரு காய்ந்த வட்டம். மெத்தையைப் புரட்டினேன். அதே இடத்தில் நான் போட்ட தையல் முடிச்சு. அங்கேயே குந்தியிருந்து அதை வெட்டி, விளிம்புக்குக் கொண்டுபோய் முடிந்தேன். தம்பி சிரித்தார், தையல் கூலியை அன்றைக்கு நான் கேட்கவில்லை.