சக்கரம் இரையும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில், குளச்சலிலிருந்து மீன் ஏற்றும் பிக்கப் ஓட்டுநர் ஒருவர் தக்கலையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். "ஆசானே, நாப்பதைத் தாண்டினா வண்டி இரையுது. முன்னாடி ரெண்டு டயரையும் மாத்தியாச்சு, சத்தம் நிக்கல்ல" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கினேன். முன் இடது சக்கரத்தின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டிப் பார்த்ததும் 'டக் டக்' என்று கையில் தட்டுப்பட்டது. போயிருந்தது டயர் அல்ல, சக்கரம் உரசாமல் சுழலும்படி உள்ளே தாங்கி நிற்கும் பேரிங். டயருக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்குகூட அந்த வேலைக்கு ஆகவில்லை. கடனுக்கு வண்டி எடுத்து ஓட்டுகிற மனுஷன் அவர். அந்தக் காசை எண்ணி எனக்கே மனசு கேட்கவில்லை.

முன் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் என்ற குடத்துக்குள் பெரும்பாலான சரக்கு வண்டிகளில் இருப்பது சாய்வான உருளைகள் கொண்ட பேரிங். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இருக்கும். 1898-இல் அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது அவர் மனதில் இருந்தது குதிரை வண்டி. வளைவில் திரும்பும்போது பாரம் மேலிருந்து மட்டும் விழாது, பக்கவாட்டிலும் தள்ளும். உருளை சாய்வாக இருப்பதால் இரண்டையும் தாங்கும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து இறங்குகிற வண்டியை அந்தச் சாய்வுதான் பிடித்து நிறுத்துகிறது.

இவ்வளவு உறுதியான சாமான் நம் மாவட்டத்தில் ஏன் சீக்கிரம் போகிறது? முதல் காரணம் தண்ணீர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. போதாததற்கு மீன் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராகப் பின் சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் ஓட்டுநர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு வண்டியை ஆற்றிலோ கால்வாயிலோ இறக்கிக் கழுவினால் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், கிரீஸ் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கழற்றிப் பார்க்கும்போது கிரீஸ் தயிர் போல வெளுத்திருக்கும். அப்படி வெளுத்த கிரீஸைப் பார்த்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். வண்டியைக் கழுவுங்கள், நல்லதுதான். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், ஹப்பின் பின்பக்கம் நேரே பீய்ச்சி அடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் லோடு. உருளைப் பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு. அதன் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால், ஆயுள் பாதியாவதில்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். 20 சதவீதம் மட்டும் கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதிக்கு வந்துவிடும். இன்னும் நாலு வாழைக்குலை தானே, இன்னும் ரெண்டு பெட்டி தானே என்று ஏற்றும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். பேரிங் இரைச்சல் வண்டியின் வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும். சமமான சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம், கொஞ்ச தூரம் நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகும் அந்த இரைச்சல் அப்படியே இருந்தால் அது சக்கரத்திலிருந்து வருகிறது. இறக்கத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. டயர் இரைச்சலாக இருந்தால் தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறும். பேரிங் இரைச்சல் அப்படி மாறாது. எந்தப் பக்கம் என்று தெரிய, ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் வளையுங்கள். பாரம் இடது சக்கரத்தில் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்தான். மறுபக்கமும் அப்படியே பார்க்க வேண்டும்.

ஜாக்கி வைத்து ஆட்டும்போது இன்னொரு சோதனையும் உண்டு. ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காமல் ஆடினால், சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகளான பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்னைப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே வேலை.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. தொப்பி, நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங், பிறகு ஹப். பிரேக் பிடிக்கும் கேலிப்பரை அதன் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டியது கழற்றிய பேரிங்கை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உருளை நீலம் பாய்ந்திருந்தால் சூடு. குழி குழியாகப் பொரிந்திருந்தால் பழசாகித் தேய்ந்தது. வெளி வளையத்தில் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் கோடு விழுந்திருந்தால் பள்ளத்தில் பலமாக அடி வாங்கியது. காரணம் தெரியாமல் புதுசை மாட்டினால், அதுவும் இதே வழியில்தான் போகும்.

வாங்கும்போது உருளைகள் உள்ள உள் பாகமும் அவை ஓடும் வெளி வளையமும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். காசை மிச்சம் பிடிக்க உள் பாகத்தை மட்டும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தேய்ந்த வளையத்தில் புது உருளை ஓடினால் சில மாதத்தில் அதையும் தின்றுவிடும். ஆயில் சீல் கண்டிப்பாகப் புதுசு. கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். மேலே தடவினால் போதாது. ஒரு ஜாதி கிரீஸோடு வேறு ஜாதியைக் கலக்கவும் கூடாது, சில கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடிவிடும்.

கடைசியில் நட்டு. இந்த இடத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஆசான் சாப்பிடப் போன நேரம், ஒரு வாழைக்காய் வண்டிக்கு ஹப்பை மாட்டி, பலமாக இருக்கட்டும் என்று நட்டை முழுக்க இறுக்கி ஸ்பிலிட் பின் போட்டு அனுப்பிவிட்டேன். வண்டி ஆரல்வாய்மொழி தாண்டவில்லை, சக்கரத்தில் புகை. நல்ல வேளை, ஓட்டுநர் மணத்தை உணர்ந்து நிறுத்தினார். இரவு நேரம், லோடு வண்டி, சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆசான் என்னைத் திட்டவில்லை. நீலமாகிப் போன அந்த வளையத்தை என் கையில் தந்தார். இன்றும் பட்டறை மேசையில் இருக்கிறது.

சரியான முறை இதுதான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் உருளைகள் தம் இடத்தில் உட்காரும். பிறகு நட்டை முழுவதும் தளர்த்தி, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மெல்லப் பிடிக்க வேண்டும். ஸ்பிலிட் பின் ஓட்டை நேரே வராவிட்டால், அடுத்த ஓட்டைக்குத் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆட்டினால் கையில் தட்டக் கூடாது. பின் ஆக்சிலில் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரம் வைத்து ஏற்றிய பேரிங் இருந்தால் வீட்டில் சுத்தியல் கொண்டு முயல வேண்டாம், பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

மீன் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. லோடு குறைந்திருக்கும் அந்த நாட்களில் நாலு ஹப்பையும் திறந்து, கிரீஸ் மாற்றி, சீல் மாற்றிவிடுங்கள்.

இந்த உரையை வண்டியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநர்கள், இது முடிந்ததும் வானொலியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, நல்ல சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வேண்டாம், அங்கே காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

வணக்கம்.